"இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க": சபை ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம்

பாளையங்கோட்டைக்கு மேற்கே, வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஊர்களின் சபைகள் சேர்ந்த ஒரு சேகரம் எங்களுடையது. அங்கே வேதாகம ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. சேகர குரு (போதகர்), ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அக்கா, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், சபைப் பெரியவர் ஒருவர், அவ்வளவுதான் ஆட்கள். கீழே வருவது ஒரே வீட்டுக் கதை இல்லை. எங்களிடம் வந்த சில குடும்பங்களின் விவரங்களைக் கலந்து, யாரென்று தெரியாதபடி மாற்றி, ஒரு குடும்பமாக எழுதியிருக்கிறேன். "சபையில கவுன்சலிங் இருக்காமே, போனா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்கிறவர்களுக்கு, தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரு குடும்பத்தோடு நடந்து காட்டுவது எளிது.

கணவருக்கு வயது 48. லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சபைக் கமிட்டியில் இருக்கிறார், காணிக்கை எண்ண உட்காருகிறவர்களில் ஒருவர். மனைவிக்கு 42. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறவர். மூத்த பெண் நர்சிங் இரண்டாம் வருஷம், சின்னவள் பத்தாம் வகுப்பு. ஊரில் கேட்டால் "நல்ல குடும்பம்" என்பார்கள்.

பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு (சபை விருந்துக்கு) முந்தின நாள் சாயங்காலம் காய்கறி நறுக்கக் கோயிலுக்குப் புறப்பட்டபோது, மனைவியின் கழுத்தில் பச்சையாக ஒரு கோடு இருப்பதைக் கணவர் பார்த்திருக்கிறார். வேர்வை பட்டுச் சாயம் இறங்கிய கவரிங் செயின். ஐந்து பவுன் தாலிச் சங்கிலி அடகில் இருந்தது. அதை இழுத்துக் கேட்கப்போக, மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று நுண்கடன் குழுவில் லோன், போதாததற்கு ஊரில் ஒருவரிடம் கைமாற்று, அதற்கு மாதா மாதம் வட்டி. பண்டிகை முடிந்த மறுவாரம், மனைவியை முன்னால் நடக்கவிட்டு அவர் ஐயர் வீட்டுக்கு வந்து சொன்னது இது:

"ஐயா, இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. நாலு வசனத்த எடுத்து நல்லா சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டா."

(எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் சேகர குருவை ஐயர் என்றுதான் சொல்வோம். நேரில் பேசும்போது ஐயா.)

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. வருகிறவர்களில் பாதிப்பேர் தனக்காக வருவதில்லை, இன்னொருவரைத் திருத்துவதற்காகக் கூட்டி வருகிறார்கள். அப்பாக்கள் பையனை, மாமியார் மருமகளை, புருஷன் பெண்டாட்டியை. இதற்கு எங்கள் ஊர்களின் பழைய வழக்கமும் ஒரு காரணம். 1799-இல் இந்தப் பக்கத்து முதல் கிறிஸ்தவ ஊரான முதலூர் உருவானதிலிருந்து, அப்புறம் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து சபைகள் பெருகிய காலத்திலிருந்து, கிறிஸ்தவ ஊர் என்றால் வேலித் தகராறு முதல் வீட்டுச் சண்டை வரை உபதேசியாரிடமும் (ஊர்ச் சபை ஊழியர்) ஐயரிடமும் போகிற பழக்கம் ஊறிவிட்டது. ஐயர் வீட்டுத் திண்ணை பஞ்சாயத்து மேடையாகவே இருந்திருக்கிறது. அதில் நன்மையும் இல்லாமல் இல்லை. ஆனால் பஞ்சாயத்துக்கு வருகிறவர் தீர்ப்பை எதிர்பார்த்து வருகிறார், அதுவும் தன் பக்கம். ஆலோசனைக்கு வருகிறவரும் அதே எதிர்பார்ப்போடு உட்கார்ந்தால் முதல் நாளே ஏமாற்றம்தான்.

முதல் நாள்

அன்று ஐயர் வசனம் எதுவும் சொல்லவில்லை. காப்பி கொடுத்து, இருவரையும் சனிக்கிழமை வரச் சொல்லி அனுப்பினார். கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

சந்திப்பை நாங்கள் ஐயர் வீட்டில் வைப்பதில்லை. யார் எத்தனை மணிக்குப் படியேறினார், அழுத கண்ணோடு இறங்கினாரா என்பது இருட்டுவதற்குள் தெருமுனைக்குப் போய்விடும். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றைத் திறந்துகொள்கிறோம். பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பெண்களோடு தனியாகப் பேசவேண்டி வந்தால் நர்ஸ் அக்காவோ நானோதான் இருப்போம். ஐயர் பேசினாலும் எங்களில் ஒருவர் கூட இருப்போம், கதவு ஒருக்களித்துத்தான் இருக்கும்.

சனிக்கிழமை வந்ததும் ஒரு தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். அதில் இருப்பது எளிய விஷயங்கள். கட்டணம் கிடையாது, காணிக்கையும் வாங்கமாட்டோம். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் முடியும், நீளவும் செய்யலாம். எந்த நாளிலும் நிறுத்திக்கொள்ளலாம். நாங்கள் மருத்துவர்களும் இல்லை, கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளும் இல்லை. அந்தப் பெயரில் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், எங்களில் யாருக்கும் அது கிடையாது. வேதத்தை வைத்து, ஜெபத்தோடு, வாழ்க்கையை உட்கார்ந்து பார்க்க உதவுகிற சபையார், அவ்வளவே.

அதே தாளில் ரகசியம் பற்றி ஒரு பத்தி உண்டு. இங்கே பேசுவது கமிட்டிக்குப் போகாது, பிரசங்கத்தில் "ஒரு குடும்பத்தில்" என்று ஆரம்பித்து வராது. ஆனால் மூன்று இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டோம்: உயிருக்கு ஆபத்து என்றால், பிள்ளைகள் மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், வீட்டில் ஒருவர் அடிபடும் அபாயத்தில் இருந்தால். இரண்டாவது விஷயத்தில் எங்களுக்கு வேறு வழியே இல்லை. 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், ஐயர் என்றாலும் விலக்கு இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டம் தருகிற பாதுகாப்பு ஐயரிடம் சபையார் பேசுவதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் தரப்படவில்லை. பாவ அறிக்கை என்று சொல்லிவிட்டால் கோர்ட்டுகூடக் கேட்கமுடியாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கணவர் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மனைவி கடைசிவரை படித்தார். கடைசிப் பத்தியில் கொஞ்சம் நின்று, மறுபடி மேலே போய்ப் படித்தார். நர்ஸ் அக்கா அதைக் கவனித்திருக்கிறார்.

அந்த ஒரு மணி நேரமும் கணவர்தான் பேசினார். தயாராக வந்திருந்தார். பைபிளில் அடையாளம் வைத்து, ரோமர் 13:8-ஐ வாசித்துக் காட்டினார். "ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்னு எழுதியிருக்கு. இவ மூணு இடத்துல கடன் வாங்கியிருக்கா." ஐயர் அந்தப் பைபிளை வாங்கி, அதே வசனத்தை முழுசாக வாசிக்கச் சொன்னார். "ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும்..." அவர் வாசித்துவிட்டு, "அது தெரியும்யா" என்றார். ஐயரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அது போதும் என்று விட்டுவிட்டார். எனக்கு அப்போது ஐயர் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது, பிடித்து அழுத்தியிருக்கலாமே என்று.

ஆனால் எங்கள் குழு பிடித்துக்கொண்டிருக்கிற வசனங்கள் இரண்டும் நீதிமொழிகள் 18-இல்தான் இருக்கின்றன. காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனமும் வெட்கமும் என்பது ஒன்று. வழக்கிலே முதலில் பேசுகிறவன் நீதிமானைப்போல் தெரிவான், அயலான் வந்துதான் அவனைப் பரிசோதிக்கிறான் என்பது மற்றது. வேதாகம ஆலோசனை என்றதும், உட்கார்ந்தவுடன் வசனம் கொட்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது வினோதமாக இருக்கும். முதல் இரண்டு மூன்று சந்திப்பில் பெரும்பகுதி கேட்பதுதான்.

வேதாகம ஆலோசனை என்கிற இந்த வழி அமெரிக்காவிலிருந்து பெயர் பெற்று வந்தது. 1970-களில் ஜே ஆடம்ஸ் என்ற போதகர், மனநலத் துறையிடம் சபை மொத்தமாக ஒப்படைத்துவிட்டதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று எழுதி ஒரு இயக்கத்தையே கிளப்பினார். அவர் பேச்சில் கண்டிப்பு அதிகம். மனக்கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பாவத்தோடு சேர்ந்தது என்பார். அவருக்குப் பின் வந்தவர்கள், பாடுபடுகிறவனின் பாடுகளையும் கேட்கவேண்டும், உடம்பின் நோயையும் மறுக்கக்கூடாது என்று அதைத் திருத்தினார்கள். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு வகையும் உண்டு. எந்த வகை என்பது தெரியாமல் போய் உட்காருவது நல்லதில்லை. "டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், சாப்பிடலாமா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

தனியாகக் கேட்டபோது

அடுத்த சந்திப்பில் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தோம். இது எங்கள் வழக்கம், யாருக்கும் விதிவிலக்கில்லை. கணவர் பெரியவரோடு முன்வாசலில். நர்ஸ் அக்காவும் நானும் மனைவியோடு உள்ளே.

அவர் வெகுநேரம் பீடிக்கணக்கைப் பற்றியே பேசினார். இலை மோசமாக வருகிறது, கடையில் சுற்றிய பீடியைக் கழிவு என்று தள்ளுகிறார்கள், கண்பார்வை முன்னைப்போல இல்லை. நாங்கள் அதையும் கேட்டோம். லோன் எதற்கு வாங்கினீர்கள் என்றதும் குரல் மாறியது. மூத்தவள் பிளஸ் டூ முடித்ததும் கணவர் படிப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "பீடித்தட்டு என்னோட போவட்டும்னு நெனச்சேன்க்கா." முதல் குழுவில் வாங்கியது கல்லூரிச் சேர்க்கைக்கு. பணம் அண்ணன் கொடுத்தான் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டாவது குழு, முதல் குழுவின் தவணை கட்ட. மூன்றாவது, இரண்டுக்கும் சேர்த்து. செயின் போனது இரண்டாம் வருஷ ஃபீஸுக்கு.

நர்ஸ் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல இருக்க உங்களுக்குப் பயமா இருக்கா?"

"அவிய நல்லவியதான்க்கா. கோவம் வந்தா மட்டும்..."

அப்புறம் முந்தானையை விலக்கிக் காட்டினார். முழங்கைக்கு மேலே மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்த காயம். செயின் விஷயத்துக்கு முன்னாலேயே உண்டு. கல்யாணமானதிலிருந்து உண்டு.

அடுத்த கேள்வியைக் கேட்கச் சங்கடப்பட்டால் ஆலோசனை வேலைக்கே வரக்கூடாது. "செத்துப்போகலாம்னு தோணியிருக்கா?" இதைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதை மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்டால் பாரம்தான் இறங்கும். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளித்ததைப் பார்த்த ஊர் இது. கடன்பட்ட வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஜெபித்து அனுப்புவது எப்படி?

அவர் தலையாட்டினார். "ரெண்டு மூணு தடவ. சின்னவ முகத்த நெனச்சிட்டு விட்டுட்டேன்." தூக்கம் போய் மாதக்கணக்காகிறது, சாப்பாடு இறங்கவில்லை, கோயிலில் உட்கார்ந்தால் பாட்டு வாயில் வரவில்லை. "ஜெபம்கூட வரமாட்டேங்குது. ஆண்டவருக்கே என்னப் புடிக்கல போல."

அன்று முடிவில் ஜெபிக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். சரி என்று விட்டோம். வருகிறவர் விரும்பினால் மட்டுமே ஜெபம் என்பதும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறது.

அந்த வாரம்

அன்று சாயங்காலமே குழு கூடியது. வாக்குவாதம் பலமாக இருந்தது. இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, எபேசியர் 5-ஐ எடுத்துப் புருஷனுக்கும் மனைவிக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்றார் பெரியவர். அவர் எண்ணம் நல்லதுதான். ஆனால் அடி நடக்கிற வீட்டில் சேர்ந்து உட்காரும் ஆலோசனை ஆபத்து. அறைக்குள் அவள் வாய்திறந்து சொல்வதற்கு வீட்டில் போய் வட்டியோடு வாங்குவாள். அல்லது பயந்து பொய் சொல்வாள், நாங்கள் அந்தப் பொய்க்கு வசனம் சொல்லிக்கொண்டிருப்போம். அடி நின்றது உறுதியாகும்வரை தம்பதி ஆலோசனை கிடையாது என்று முடிவானது. தீர்ப்புச் சொல்லமாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற நாங்கள் இந்த ஒரு விஷயத்தில் தீர்ப்புத்தான் சொன்னோம். அடிப்பது பாவம், குற்றமும்கூட. இதில் நடுவில் நிற்க இடம் கிடையாது.

மனைவியிடம் வழிகளைச் சொன்னோம். 181 பெண்கள் உதவி எண், அவசரம் என்றால் 112, மாவட்டத்தில் இருக்கிற ஒருங்கிணைந்த சேவை மையம், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். அந்தச் சட்டத்தில் புகார் கொடுத்தால் உடனே புருஷனை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று அவர் நினைத்திருந்தார். முதலில் கிடைப்பது பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் இருக்கும் உரிமையும் என்று விளக்கினோம். எதைச் செய்வது என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போக விரும்பினார். சின்னவள் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து பஸ் உண்டு. போனார்.

அடுத்த திங்கட்கிழமை நர்ஸ் அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும், நன்றாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்தக்கூடாது என்பதை அக்கா காலண்டரில் எழுதியே கொடுத்தார். இரவில் தனியாக இருக்கும்போது மனம் கெட்டுப்போனால் கூப்பிட 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணையும். அதில் தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு சித்தி இதைக் கேள்விப்பட்டு, "மாத்திர போடுறது அவிசுவாசம்லா? உபவாசம் இருந்தா போதாதா?" என்றார். பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா வைத்தியன்தானே, கொலோசெயர் 4-இல் பிரியமான வைத்தியன் என்றுதானே எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்டார். சித்திக்குச் சுகர் மாத்திரை உண்டு என்பதை அக்கா சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றியது.

வசனம் வந்த நேரம்

வேதம் திறந்தது சில வாரம் கழித்து. முதலில் எடுத்தது 88-ஆம் சங்கீதம். அது எங்கும் விடியாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம். இப்படி ஒன்று பைபிளில் இருப்பதே மனைவிக்குத் தெரியாது. "இதையும் ஜெபம்னு வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம், நீங்கள் ஜெபம் வரவில்லை என்று சொன்னதும் இந்த வகைதான் என்றேன். வீட்டுப்பாடமாகத் தினம் ஒரு சங்கீதம் வாசித்து, அதில் தன் மனதுக்குப் பொருந்துகிற ஒரு வரியை மட்டும் எழுதிவரச் சொன்னோம். வேதாகம ஆலோசனையில் வீட்டுப்பாடம் எப்போதும் உண்டு. பாதிப்பேர் செய்யாமல் வருவார்கள். இவர் பீடி லேபிள் ஒட்டும் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார்.

அந்தத் தாள்களில் ஒன்றில், யாரும் சொல்லாமலே, 32-ஆம் சங்கீதம் மூன்றாம் வசனம் இருந்தது. நான் அடக்கிவைத்தமட்டும் என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்ற வரி. "இது எனக்குத்தான். ரெண்டு வருஷமா மறச்சேன்." அவர் செய்ததும் சரியில்லை என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும். அண்ணன் கொடுத்தான் என்ற பொய், கவரிங் செயின், எல்லாம். ஆனால் அதே சங்கீதத்தை முதல் நாள் கணவர் முன்னால் நாங்கள் வாசித்திருந்தால், அவர் கையில் இன்னொரு கல்லைக் கொடுத்ததாக ஆகியிருக்கும். எந்த வசனம் என்பதைவிட எப்போது என்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது என்பேன். சபையில் நன்றாக வசனம் தெரிந்தவர்கள் நிறைய. பொறுத்திருக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

மன்னிப்பைப் பற்றி அவரே கேட்டார். "மன்னிச்சிட்டு வீட்டுக்குப் போவணும்னு சொல்லுவீங்களாக்கா?" மன்னிப்பது ஒன்று, நம்பி அதே கூரையின் கீழ் திரும்பப் போவது வேறு என்றோம். முதலாவது அவருக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ளது, அவசரமில்லை. இரண்டாவது கணவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

கடன்

இதில் வேதம் பாதி, கால்குலேட்டர் பாதி. சபையில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் மனைவியின் சம்மதத்தோடு கணக்கைப் பார்த்தார். வீட்டில் தவணைச் சீட்டுகள் அரிசிப் பானைக்குள் இருந்தன. திங்கள் ஒரு குழு, புதன் ஒரு குழு, வெள்ளி ஒரு குழு. வாரத்தில் மூன்று நாள் கலெக்‌ஷன். பீடியில் வருகிற கூலி முழுதும் போட்டாலும் மூன்று தவணைக்கும் பற்றாது.

பலருக்குத் தெரியாத விஷயம்: 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் நுண்கடனில், எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்குமேல் போகக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது. இந்த வீட்டில் காலை ஏழு மணிக்கே பைக் வந்து நிற்கும், குழுவிலிருக்கும் மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அண்ணாச்சி கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார். இரண்டு இடத்தில் தவணையை நீட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது இடத்தில் இழுத்தடித்தார்கள். அங்கே தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று சொன்னதும் பேச்சு மாறியது. கைமாற்றுக் கொடுத்தவர் விஷயம் வேறு. 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தை அண்ணாச்சி அவரிடம் நேரில் போய்ப் பேச்சுவாக்கில் நினைவுபடுத்தினார். அவரும் எங்கள் சபைக்காரர்தான், மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர். அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, இங்கே வேண்டாம்.

தர்மப் பணத்திலிருந்து சபை கடனை அடைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கூடாது என்றேன். பணம் கொடுத்த சபையிடம் ஒரு பெண் எப்படி வாய்திறந்து பேசுவாள்? சின்னவளின் பரீட்சை ஃபீஸை மட்டும் கல்வி உதவியாகக் கட்டினோம். அது சபையில் எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது.

கணவர்

கடினமான பகுதி இதுதான். மனைவி அம்மா வீட்டுக்குப் போன மறுநாள் அவர் ஐயரிடம் வந்து கத்தினார். "நான் கூட்டிட்டு வந்தது அவளுக்குப் புத்தி சொல்ல. நீங்க என் குடும்பத்தப் பிரிச்சிட்டீங்க." இரண்டு வாரம் கோயிலுக்கு வரவில்லை. வேறு ஒரு சபைக்குப் போகப்போவதாகவும் சொன்னார். இப்படிப் போகிறவர்களில் பலர் திரும்புவதே இல்லை. ஆலோசனைக்கு வந்தால் குடும்பம் கண்டிப்பாகச் சேர்ந்துவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

இவர் திரும்பி வந்தார். காரணம் மூத்த பெண். ஹாஸ்டலிலிருந்து போனில், "அப்பா, நீங்க அம்மாவ அடிக்கிறத எனக்கு அஞ்சு வயசுலேர்ந்து தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள்.

ஐயரும் பெரியவரும் அவரோடு உட்கார்ந்தார்கள். முதல் நாள் நிறைய அழுதார். பெரியவருக்கு மனம் இளகிவிட்டது, மனைவியைத் திரும்பக் கூட்டிவரலாமே என்றார். ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை. மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகள் என்று லூக்கா 3-இல் யோவான் ஸ்நானன் கேட்பது அழுகையை இல்லை. இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றைக் கொடு, வரி வாங்குகிறவன் அதிகமாக வாங்காதே, சேவகன் யாருக்கும் இடுக்கண் செய்யாதே என்று அவரவர் வீட்டிலும் தொழிலிலும் செய்யவேண்டியதைத்தான் சொல்கிறான். ஆகவே இவருக்கும் அதே மாதிரி: மகள் படிப்புச் செலவை ஏற்பது, மனைவியின் பீடிக் கூலியும் ஏ.டி.எம். கார்டும் மனைவி கையிலேயே இருப்பது, கூப்பிடாமல் மாமியார் வீட்டு வாசலுக்குப் போகாமலிருப்பது, கமிட்டியிலிருந்து தானாக விலகுவது. கடைசியை மட்டும் அவரால் தாங்கமுடியவில்லை. "ஊருல என்னன்னு கேப்பாங்கய்யா." கேட்கட்டும் என்றார் ஐயர்.

கோபம் வந்த ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, என்ன செய்தார் என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள். ஆரம்பத்தில் ஆட்டோ ஸ்டாண்டில் நடந்த சண்டைகளை எழுதினார். அப்புறம் ஒருநாள் தன் அப்பா தன் அம்மாவை அடித்ததை இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். பெரியவர் அதைப் படித்துவிட்டு, "அதுனாலதான் நீங்களும்..." என்று ஆரம்பிக்க, ஐயர் இடைமறித்தார். காரணம் தெரிந்தால் இரக்கம் வரும், வரட்டும், சாக்கு ஆகிவிடக்கூடாது. கொலோசெயர் 3:19 ஒரே வரி, புருஷர்கள் மனைவிகள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள் என்பது. கல்யாணத்தன்றைக்கு வாசித்த வேதபாகத்தில் அது இருந்ததா என்று ஐயர் கேட்டார். அவருக்கு நினைவில்லை.

இப்போதைய நிலை

மனைவி அம்மா வீட்டிலிருந்து திரும்பி, கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார். மாத்திரை தொடர்கிறது, தூக்கம் வருகிறது. மாதம் ஒருமுறை ஹைகிரவுண்டுக்குத் தனியாகவே பஸ்ஸில் போய்வருகிறார். ஒரு குழுவின் லோன் முடிந்துவிட்டது. செயின் இன்னும் அடகில்தான். வட்டியை இந்த முறை கணவர் கட்டியிருக்கிறார், ரசீதைப் பெரிய மகளிடம் கொடுத்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே ஆராதனைக்கு வருகிறார்கள், வேறு வேறு பக்கம். எங்கள் கோயில்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவது ஒரு வசதி.

தம்பதியாக உட்காரவைக்கலாமா என்ற பேச்சு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. கணவர் நான்கு முறை கேட்டுவிட்டார். மனைவியிடம் கேட்டதற்கு, "பரீட்ச முடியட்டும்க்கா, சின்னவ நிம்மதியா எழுதட்டும்" என்றார். பெரியவருக்கு இது தேவையில்லாத தாமதமாகப் படுகிறது. நானும் நர்ஸ் அக்காவும் காத்திருப்போம் என்கிறோம். ஐயர் ஏப்ரலுக்கு அப்புறம் ஒரு சனிக்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறார். அன்றைக்கும் முதலில் தனித்தனியாகத்தான் பார்ப்போம்.